கரைந்த அழுக்கு எங்கே போனது? ஆயர் ஈத்தாமில் ஒரு பழைய இஎக்ஸ்5-இன் நிகழ்வு ஆய்வு

2025 தைப்பூசத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது, ஒரு மாலையில், பினாங்கின் ஆயர் ஈத்தாமில் உள்ள என் பட்டறைக்கு ஓர் இளைஞன் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். சட்டை முழுக்க வியர்வை. சற்றுப் பின்னால் அவனுடைய அப்பா வலது முழங்காலைத் தாங்கித் தாங்கி நடந்து வந்தார். வண்டி 1996-ஆம் ஆண்டின் ஹோண்டா இஎக்ஸ்5. பாயா தெருபோங்கிலிருந்து பாலிக் பூலாவ் பக்கம் ஏறும் துன் சார்டோன் சாலையில், பாதி ஏற்றத்தில், எஞ்சின் இரைந்ததே தவிர வண்டி ஏறவில்லை. சற்று நேரத்தில் எஞ்சினும் அணைந்துவிட்டது. பிறகு சோக்கை இழுத்தால் மட்டும் பிடிக்கிறது, விட்டால் அணைகிறது. தலைப்பகுதியிலிருந்து 'டிக் டிக்' என்று ஓர் ஓசை வேறு.

"நான்கு நாளைக்கு முன்னால்தான் சுத்தப்படுத்தும் மருந்து ஊற்றினேன், அண்ணா. அன்றைக்கு எவ்வளவு லேசாக ஓடியது தெரியுமா? நல்லதுக்குத்தானே ஊற்றினேன்?" என்றான் பையன்.

அவன் குரலில் இருந்த குற்ற உணர்ச்சி என்னை வருத்தியது. அப்பாவின் வண்டியை அவருக்குத் தெரியாமல் புதுப்பித்துக் கொடுக்க வேண்டும் என்ற ஆசையில் செய்த காரியம் அது. அவன் செய்ததில் எது சரி, எது தவறு என்பதை வாயால் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. வண்டியைச் சில நாள் வைத்துக்கொண்டு, பிரித்த ஒவ்வொரு பாகத்தையும் அவனுக்குக் காட்டினேன். பழைய கப்சாய் (இதைப் போன்ற சிறு மோட்டார் சைக்கிள்) வைத்திருக்கும் எல்லாருக்கும் இது பயன்படும் என்பதால் முழுமையாக எழுதுகிறேன்.

வண்டியின் கதை

நான்கு கியர், 97 சிசி, கார்புரேட்டர். பெரியவர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் காவல் வேலை பார்ப்பவர். பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோனது, மனைவியோடு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போனது எல்லாம் இந்த வண்டியில்தான். முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு ஏழு மாதம் வண்டி அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் நின்றது. தொட்டியில் பாதிக்கு மேல் பெட்ரோல் அப்படியே இருந்தது. அதற்கு முன்பு மினாக் ஹித்தாமை, அதாவது எஞ்சின் எண்ணெயை, அவர் ஒழுங்காக மாற்றி வந்திருக்கிறார். ஆனால் வெவ்வேறு பட்டறைகளில். எண்ணெயை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றியிருக்கிறார்களே தவிர, எஞ்சினின் வலப்பக்க மூடியை யாரும் திறந்ததாக அவருக்கு நினைவில்லை. இந்த ஒரு தகவல்தான் பின்னால் எல்லாவற்றையும் விளக்கியது.

ஊற்றியது எவ்வளவு?

பையன் இணையத்தில் இரண்டு புட்டிகள் வாங்கியிருந்தான். இரண்டும் கார்களுக்கானவை. ஒன்று பெட்ரோலில் கலக்கும் துப்புரவுத் திரவம்: 300 மில்லி, 60 லிட்டர் தொட்டிக்கு. மற்றொன்று எஞ்சின் எண்ணெயை மாற்றுவதற்கு முன் ஊற்றும் ஃபிளஷ்: 300 மில்லி, 4 முதல் 5 லிட்டர் எண்ணெய்க்கு.

முதல் புட்டியின் கணக்குப்படி ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 5 மில்லி. இந்த வண்டியின் தொட்டியை முழுக்க நிரப்பினாலும் ஏறத்தாழ 4 லிட்டர்தான். அன்று உள்ளே இருந்ததோ 3 லிட்டருக்கும் குறைவு. 15 மில்லி போதும். அவன் புட்டியில் மூன்றில் ஒரு பங்கை, அதாவது 100 மில்லியை ஊற்றியிருக்கிறான். "சின்ன வண்டிதானே, கொஞ்சமாகத்தான் ஊற்றினேன்" என்றான். கண்ணுக்குக் கொஞ்சமாகத் தெரிந்தது, கணக்கில் ஏறக்குறைய ஏழு மடங்கு.

ஃபிளஷ் கதையும் இப்படித்தான். இந்த எஞ்சினில் எண்ணெய் மாற்றும்போது கொள்ளும் அளவு 0.7 லிட்டர். லேபிளின் விகிதப்படி 50 மில்லிக்கு மேல் கூடாது. அவன் ஊற்றியது அரைப் புட்டி, 150 மில்லி. அதைவிடப் பெரிய தவறு அடுத்து நடந்தது. நிறுத்தி வைத்த நிலையில் பத்து நிமிடம் மட்டும் எஞ்சினை ஓடவிட வேண்டும், ஓட்டிச் செல்லக் கூடாது என்று புட்டியிலேயே அச்சிட்டிருக்கிறது. அவனோ நன்றாகக் கலக்கட்டும் என்று பத்து ஃபெரிங்கி கடற்கரை வரை ஓட்டிப் போய்த் திரும்பியிருக்கிறான். 30 கிலோமீட்டருக்கு மேல். பிறகு எண்ணெயை வடித்துவிட்டு, வீட்டிலிருந்த காருக்கு வாங்கி மிச்சமிருந்த 5டபிள்யூ-30 எண்ணெயை ஊற்றினான்.

முதல் நாள் வண்டி லேசாக ஓடியது என்றானே, அது பொய்யில்லை. ஃபிளஷ் என்பது பெரும்பாலும் மெல்லிய பெட்ரோலியக் கரைப்பான். அது கலந்ததும் எண்ணெய் நீர்த்துப்போகிறது. பாகங்களுக்கு எண்ணெய் தரும் இழுவை குறைகிறது. கைப்பிடியைத் திருகினால் எஞ்சின் சட்டென்று எகிறுகிறது. பாதுகாக்கும் படலம் மெலிந்துபோனதைத்தான் அவன் வண்டியின் புத்துணர்ச்சி என்று எடுத்துக்கொண்டான். இந்த ஏமாற்றத்தில் விழாத வண்டிக்காரரை நான் அதிகம் பார்த்ததில்லை.

கார்புரேட்டரைத் திறந்தபோது

கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தங்கும் மிதவைக் கிண்ணத்தின் அடித் திருகைத் தளர்த்தி, பெட்ரோலை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்தோம். தேநீர் நிறத்தில் இருந்தது. அடியில் செம்பழுப்புத் தூளும், வெங்காயச் சருகு போன்ற மெல்லிய செதில்களும் படிந்தன. தூள், தொட்டியின் துரு. செதில், பழைய பெட்ரோல் காய்ந்து இறுகிய வார்னிஷ்.

பெட்ரோல் மாதக்கணக்கில் நின்றால் அதன் மெல்லிய பகுதிகள் ஆவியாகிவிடும். மிஞ்சியது காற்றோடு வினைபுரிந்து பிசினாக மாறும். தொட்டி பாதி காலியாக இருந்தால், நம் தீவின் ஈரக்காற்று உள்ளே போய் நீர்த்துளியாகப் படிந்து, பெட்ரோல் மட்டத்துக்கு மேலுள்ள இரும்புச் சுவரைத் துருப்பிடிக்க வைக்கும். துப்புரவுத் திரவம் பிசினைக் கரைக்கும். துருவை ஒன்றும் செய்யாது. ஆனால் அந்தத் துருவைச் சுவரோடு பிடித்துவைத்திருந்த பசையே இந்தப் பிசின்தான். பிசின் இளகியதும் துருத்தூளும் செதிலும் புறப்பட்டுக் கீழே வந்தன. கீழே அவற்றுக்குக் காத்திருந்த வழி எவ்வளவு பெரியது? எஞ்சின் மெதுவாக ஓடும்போது பெட்ரோல் தரும் சிறு துளைக்குழாயான ஸ்லோ ஜெட்டில் பொறித்திருந்த எண் 35. அதாவது துளையின் விட்டம் 0.35 மில்லிமீட்டர்.

அந்த ஜெட்டைக் கழற்றி விளக்குக்கு நேராகப் பிடித்து, பையனைப் பார்க்கச் சொன்னேன். ஒளி தெரியவில்லை. சோக்கை இழுத்தால் மட்டும் வண்டி பிடித்ததற்கு இதுதான் காரணம். வேகமாக ஓடும்போது பெட்ரோல் தரும் மெயின் ஜெட்டின் துளை பெரிது என்பதால் அது தப்பித்திருந்தது.

இன்னொன்றையும் காட்டினேன். மிதவைக் கிண்ணத்தின் ரப்பர் வளையத்தைக் கழற்றி மறுபடி அதன் பள்ளத்தில் வைத்தால் உட்காரவில்லை. அரை விரல் நீளம் மிஞ்சி நின்றது. கரைப்பானைக் குடித்து ஊதியிருந்தது. பெட்ரோல் வரத்தை அடைக்கும் ஊசி வால்வின் ரப்பர் முனையும் மிருதுவாகியிருந்தது. சரியான அளவில், ஒரு தொட்டிப் பெட்ரோலோடு எரிந்து தீர்ந்துவிடும் திரவம் ரப்பரை இவ்வளவு கெடுக்காது. ஏழு மடங்கு செறிவில் நான்கு நாள் ஊறியதால், ஏற்கெனவே வயதான ரப்பர் தாங்கவில்லை.

வலப்பக்க மூடிக்குள்

இந்த ஆய்வின் மையம் இதுதான். இஎக்ஸ்5 போன்ற பழைய கப்சாய் எஞ்சின்களில் காரில் இருப்பது போன்ற காகித எண்ணெய் வடிகட்டி கிடையாது. அதற்குப் பதில் இரண்டு ஏற்பாடுகள் உள்ளன. எண்ணெய்ப் பம்ப் உறிஞ்சும் வழியில் ஒரு கம்பி வலை. அடுத்து, கிளட்ச்சோடு சேர்ந்து கிராங்க் தண்டின் நுனியில் சுழலும் ஒரு வட்டக் கிண்ணம். எண்ணெய் அந்தக் கிண்ணத்துக்குள் போகும்போது, சுழற்சியின் வேகத்தில் கனமான துகள்கள் ஓரத்துக்கு வீசப்பட்டு அங்கேயே ஒட்டிக்கொள்ளும். சுத்தமான எண்ணெய் நடுவழியாக வெளியேறும். தயிர் கடைவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எளிமையான, அருமையான ஏற்பாடு. யாராவது அவ்வப்போது திறந்து வழித்து எடுக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அது கேட்பது.

முதலில் எண்ணெயை வடித்தோம். நான்கே நாளான எண்ணெய் தார் போல் கறுத்து, நீர் போல் ஒழுகியது. தின்னர் வாடை அடித்தது. இதற்கும் கணக்கு இருக்கிறது. இந்த எஞ்சினை முழுக்கப் பிரித்துக் கூட்டினால் கொள்ளும் எண்ணெய் 0.9 லிட்டர், வடித்து ஊற்றும்போது கொள்வது 0.7. மீதி 0.2 லிட்டர் எப்போதும் உள்ளே இடுக்குகளில் தங்கிவிடும். ஆகவே ஃபிளஷ் கலந்த பழைய எண்ணெய் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புதிய எண்ணெயோடு கலந்துவிட்டது. ஒரு முறை வடித்துவிட்டால் மருந்து வெளியே போய்விட்டது என்று நினைப்பது பிழை.

மூடியைத் திறந்தோம். கம்பி வலையில் மூன்றில் இரண்டு பங்கை மெழுகு போன்ற கசடு மூடியிருந்தது. அதில், முன்பு எந்தப் பட்டறையிலோ தாராளமாகப் பூசிய சிலிக்கோன் பசையின் துணுக்குகளும் சிக்கியிருந்தன. கிண்ணத்தின் மூடியைக் கழற்றியபோது பையன் பேச்சற்று நின்றான். உள்ளே சாம்பல் கலந்த கறுப்புக் களிமண். கரண்டியால் வழித்து வைத்தால் ஒரு தீப்பெட்டி நிறையும். பல ஆண்டுகள் ஓரத்தில் இறுகிக் கிடந்த அடுக்கின் மேற்பரப்பு மட்டும் இளகிக் குழைந்திருந்தது. ஃபிளஷ் கரைத்த கசடு, எஞ்சினின் சுவர்களை விட்டு வந்து, வலையில் அடைத்துக்கொண்டது. பம்ப் உறிஞ்ச வேண்டிய எண்ணெய் அந்த வலையைத் தாண்டித்தான் தலைப்பகுதிக்கு ஏற வேண்டும். வழி சுருங்கினால் முதலில் தாகத்தில் தவிப்பது உச்சியில் இருந்து வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டும் ராக்கர் கைகளும்தான்.

வால்வு மூடிகளைத் திறந்து பார்த்தோம். ராக்கர் கைகள் ஏறக்குறைய உலர்ந்திருந்தன. கேம் மேட்டில் நகத்துக்குத் தட்டுப்படாத மெல்லிய கீறல்கள். வால்வு இடைவெளி 0.05 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் உள்ளிழுக்கும் வால்வில் 0.10, வெளியேற்றும் வால்வில் 0.14. டிக் டிக் ஓசை இங்கிருந்துதான். இடைவெளி இவ்வளவு விரிந்தது நான்கு நாளில் நடந்ததாக நான் சொல்ல மாட்டேன். பல மாதங்களாகவே தளர்ந்திருக்க வேண்டும். ஆனால் இன்னும் சில ஏற்றங்கள் இதே நிலையில் ஏறியிருந்தால் கேம் தண்டு போயிருக்கும்.

ஏற்றத்தில் எஞ்சின் இரைந்தும் வண்டி நகராததற்குக் காரணம் கிளட்ச் வழுக்கியது. இது போன்ற மோட்டார் சைக்கிள்களில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே எண்ணெயில் நனைகின்றன. காருக்கான நவீன எண்ணெய்களில் எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக உராய்வைக் குறைக்கும் சேர்மானங்கள் இருக்கும். காருக்கு அது நன்மை. உராய்வை நம்பிப் பிடிக்கும் நம் கிளட்ச் தட்டுகளுக்குத் தீமை. இதற்காகவே ஜப்பானியர்கள் 1998-இல் ஜாசோ டி903 என்ற தரத்தை வகுத்தார்கள். புட்டியின் பின்பக்கம் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த எண்ணெய் கப்சாய்க்கு வேண்டாம். இந்த வண்டியில் இரண்டு தட்டுகள் கண்ணாடி போல் மினுங்கின. அவற்றை மாற்றினேன்.

டீசல் பழக்கம்

நான் தொழில் கற்ற நாள்களில் எண்ணெய் வடித்த பிறகு அரைக் குவளை டீசல் ஊற்றி, இரண்டு நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு வடிப்பது வழக்கம். என் ஆசான் அப்படித்தான் கற்றுக்கொடுத்தார். நானும் பல ஆண்டுகள் செய்தேன். வெளியே வரும் கறுப்பு நீரைப் பார்த்து வாடிக்கையாளர் மகிழ்வார். ஆனால் அந்த இரண்டு நிமிடமும் கேம் தண்டு டீசலில் சுழல்கிறது, மீதி டீசல் 0.2 லிட்டர் கணக்கில் உள்ளேயே தங்குகிறது என்பதை ஒருவரும் பேசியதில்லை. கிண்ணத்தில் இறுகிய களிமண்ணை டீசல் தொடவே தொடாது என்பதை வலப்பக்க மூடிகளைத் திறக்கத் தொடங்கிய பிறகே கண்டேன். ஆசான் மேல் எனக்குள்ள மரியாதை குறையவில்லை. பழக்கத்தை மட்டும் விட்டுவிட்டேன்.

செய்த வைத்தியம்

தொட்டியைக் கழற்றி, சிட்ரிக் அமிலக் கரைசலை நிரப்பி ஓர் இரவு வைத்தோம். மறுநாள் சோடா உப்பு நீரால் கழுவி, வெந்நீர் விட்டு அலசி, உடனே காற்றடித்து உலர்த்தினோம். ஈரத்தோடு விட்டால் ஒரு மணி நேரத்தில் மறுபடி துரு பூக்கும். பெட்ரோல் குழாயில் ஒரு சிறு வடிகட்டி பொருத்தினேன். ஸ்லோ ஜெட்டை ஊறவைத்து, செப்புக் கம்பியின் ஓர் இழையால் துளையைத் திறந்து காற்றடித்தேன். எஃகு ஊசி வேண்டாம். ஜெட் பித்தளை, கீறினால் துளை பெரிதாகி எரிபொருள் கணக்கே மாறிவிடும். ரப்பர் வளையமும் ஊசி வால்வும் புதியவை. வலையையும் கிண்ணத்தையும் வழித்து, மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தோம். வால்வு இடைவெளியைக் குளிர்ந்த எஞ்சினில் 0.05-க்குச் சரிசெய்தேன். 10டபிள்யூ-30 ஜாசோ எம்ஏ எண்ணெய் 0.7 லிட்டர். உதிரிப் பாகங்களும் எண்ணெயும் சேர்த்து 140 வெள்ளிக்குள் (ரிங்கிட்) முடிந்தது.

மீதிக் கசடை எடுக்க ஃபிளஷ் ஊற்றவில்லை. 300 கிலோமீட்டரில் ஒரு முறை, அதற்கடுத்து 500 கிலோமீட்டரில் ஒரு முறை எண்ணெய் மாற்றச் சொன்னேன். எஞ்சின் எண்ணெயே ஒரு துப்புரவாளர்தான். அதில் கால்சியம், மக்னீசியம் சார்ந்த துப்புரவுச் சேர்மானங்களும், கரித்துகளைத் தனித்தனியாக மிதக்கவிடும் சேர்மானங்களும் ஏற்கெனவே இருக்கின்றன. அது அழுக்கைக் கட்டியாகப் பெயர்க்காமல் சிறிது சிறிதாக எடுத்து, தன்னோடு சுமந்து, வடிக்கும்போது வெளியே கொண்டுவருகிறது. புதிய எண்ணெய் சீக்கிரம் கறுக்கிறதே என்று கவலைப்படுகிறவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். காகித வடிகட்டி இல்லாத எஞ்சினில் இதைவிடப் பாதுகாப்பான துப்புரவை நான் அறியேன்.

அப்படியானால் துப்புரவுத் திரவங்கள் எதற்குமே உதவாதா?

உதவும். பையனிடம் மிச்சமிருந்த பெட்ரோல் திரவம் பாலிஈதர் அமீன் வகையைச் சேர்ந்தது. உள்ளிழுக்கும் வால்விலும் எரியறையிலும் படியும் கரியைத் தளர்த்துவதில் நல்ல பெயர் பெற்ற சேர்மம் அது. ஆகவே வீணாக்க வேண்டாம் என்றேன். தொட்டியும் கார்புரேட்டரும் சுத்தமான பிறகு, 4 லிட்டருக்கு 20 மில்லி வீதம், ஊசியில்லாத மருத்துவச் சிரிஞ்சால் அளந்து, மூன்று தொட்டிக்கு ஊற்றினோம். ஸ்பார்க் பிளக் துளை 10 மில்லிமீட்டர்தான் என்றாலும், கைப்பேசியோடு இணையும் மெல்லிய கேமரா அதில் நுழையும். தொடங்கும் முன் பிஸ்டன் தலை முழுக்கக் கரி. மூன்றாம் தொட்டி முடிந்தபோது ஓரங்களில் உலோகம் வெளிச்சமாகத் தெரிந்தது. புதிய பெட்ரோலும் திருத்திய கார்புரேட்டரும் இதில் பங்கு கொண்டிருக்கும் என்பதால் முழுப் புகழையும் புட்டிக்குக் கொடுக்க மாட்டேன்.

நாள்தோறும் ஓடும் வண்டிக்கு இது ஆண்டுக்கு இரண்டு முறைக்கு மேல் தேவைப்படாது என்பது என் கருத்து. பெட்ரோல் நிலையத்தில் வாங்கும் பெட்ரோலிலேயே துப்புரவுச் சேர்மானம் உண்டு. சுத்தமாகும் என்று நம்பி ஆக்டேன் எண் கூடிய ரோன் 97 பெட்ரோல் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆக்டேன் எண் என்பது முன்கூட்டியே வெடிக்காமல் தாங்கும் திறனின் அளவு; துப்புரவின் அளவு அன்று. இந்த எஞ்சினுக்கு ரோன் 95 தாராளம்.

யமஹா ஆர்எக்ஸ்இசட் என்ற டூ-ஸ்ட்ரோக் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டனுக்கான எண்ணெய் பெட்ரோலோடு சேர்ந்து எரிந்துவிடுகிறது. கீழே இருப்பது கியர் எண்ணெய். எனவே ஃபிளஷ்ஷுக்கு அங்கே வேலையே இல்லை. புகைபோக்கி வாயிலில் தடித்த கரியைத் திரவத்தால் பெயர்க்க முயன்றால் அது பிஸ்டன் பக்கம் விழுந்து கீறக்கூடும். கழற்றிச் சுரண்டுவதே சரி.

ஐந்து மாதங்களுக்குப் பிறகு

தைப்பூசத்துக்கு முந்தைய நாள் வண்டியைக் கொடுத்தேன். பெரியவர் ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஓசை அடங்கிவிட்டது தம்பி" என்றார். மகனைப் பின்னால் ஏறச் சொன்னார். அவனை அவர் ஒரு வார்த்தைகூடக் கடிந்துகொள்ளவில்லை.

ஜூலையில், 1,600 கிலோமீட்டர் ஓடிய பிறகு, மூடியை மறுபடி திறந்தேன். வலை சுத்தம். கிண்ணத்தின் ஓரத்தில் நகக்கண் அளவு படலம். கிளட்ச் ஏற்றத்தில் பிடிக்கிறது. எரியறை அழுத்தம் பிப்ரவரியில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 8.5 கிலோ, ஒரு கரண்டி எண்ணெய் விட்டு அளந்தபோது 10.5-க்கு ஏறியதால், குறை பிஸ்டன் வளையங்களில் என்று அப்போதே குறித்து வைத்திருந்தேன். ஜூலையில் எண்ணெய் விடாமலே 9.5. கரியில் ஒட்டியிருந்த வளையம் ஓரளவு விடுபட்டிருக்கலாம். தேய்ந்த வளையம் தேய்ந்ததுதான். நல்ல நிலையிலுள்ள இதே எஞ்சின்களில் 12-ஐ ஒட்டிப் பார்த்திருக்கிறேன்.

காலையில் முதல் உதையில் ஒரு நொடி நீலப் புகை இன்னும் வருகிறது. வால்வு தண்டின் ரப்பர் முத்திரை இறுகிவிட்டது. அதற்கும் ஒரு புட்டி விற்கிறார்களாமே என்று பையன் கேட்டான். தலையைக் கழற்றி முத்திரையையும் வளையங்களையும் மாற்றுவதுதான் வழி என்றேன். அந்த ஆண்டு தீபாவளி முடிந்ததும் வண்டியைக் கொண்டுவருவதாகச் சொன்னார்கள்.